‘ஃபிக்டிஷியஸ்’ என்றால் போலி இல்லை: கலிஃபோர்னியாவில் கடைப்பெயர் பதிவது எப்படி

“உங்களிடம் ஃபிக்டிஷியஸ் இருக்கிறதா?” என்று வங்கியில் கேட்டார்கள்.

நான் கையில் செக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு 14 பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுத்திருந்தேன். பாரதி முண்டாசு, ஔவைப் பாட்டியின் நரைமுடி, கட்டபொம்மன் மீசை எல்லாம் அதில் அடக்கம். பில் போடும்போது ஆசையாக ஒரு கடைப்பெயரைத் தலைப்பில் எழுதினேன். அவர்களும் அந்தப் பெயருக்கே செக் எழுதிவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் ‘ஃபிக்டிஷியஸ்’ என்றதும், செக் போலி என்கிறார் என்று நினைத்து, “இல்லைங்க, இது நிஜ செக்தான்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அந்தச் செக்கைக் காசாக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டினேன். வீட்டிலிருந்தபடி தையல், நடன வகுப்பு, ட்யூஷன், புகைப்படம், மருதாணி என்று எதையாவது தொடங்கி, அதற்கு ஒரு பெயரும் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள். இது கலிஃபோர்னியாவில், தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களுக்காக எழுதியது. மற்ற மாநிலங்களில் சொல்லும் மாறும், முறையும் மாறும்.

1. முதலில் அந்தச் சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள்

அகராதியில் ‘ஃபிக்டிஷியஸ்’ என்று தேடினால் கற்பனையான, இட்டுக்கட்டிய, பொய்யான என்று வரும். மூன்றும் சரிதான். ஆனால் எந்த இடத்தில் எது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

கதையில் வரும் ஆளையும் ஊரையும் சொல்ல ‘ஃபிக்‌ஷனல்’ என்பார்கள். நம் வாரப் பத்திரிகைகளில் சிறுகதை முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ‘யாவும் கற்பனை’ என்று போடுவார்களே, அந்தக் கற்பனை. பிள்ளைகள் சொப்பு வைத்துச் சோறு பொங்கி விளையாடினால் அது ‘ப்ரிடெண்ட்’, பாவனை. பிறரை ஏமாற்றச் செய்வது ‘ஃபேக்’. ‘ஃபிக்டிஷியஸ்’ இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது. இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொள்வது அதன் அடிப்படை. ஏமாற்றும் நோக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘ஃபிக்டிஷியஸ் முகவரி’ என்று போலீஸ் சொன்னால் அது மோசடி. நீதிமன்ற வழக்கில் ‘ஃபிக்டிஷியஸ் பிரதிவாதி’ என்றால், பெயர் இன்னும் தெரியாத ஒருவருக்கு ‘டோ 1’, ‘டோ 2’ என்று தற்காலிகமாக வைக்கும் பெயர். அதில் மோசடி எதுவும் இல்லை.

‘ஃபிக்டிஷியஸ் பிசினஸ் நேம்’ இந்த இரண்டாவது வகை. தொழில் நடத்தும் ஆளின் சட்டப்படியான பெயர் அல்லாத, தொழிலுக்காகச் சூட்டிக்கொண்ட பெயர், அவ்வளவுதான். தமிழில் இதற்கு என் கணக்கில் சரியான சொல் ‘புனைபெயர்’. எழுத்தாளர் மனைவி பெயரில் கதை எழுதுகிறார், யாரும் அவரைப் போலி என்று சொல்வதில்லை. மொழிபெயர்ப்புச் செயலி ‘கற்பனையான வணிகப் பெயர்’ என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்துதான் நான் ஒரு மாதம் படிவத்தைத் தொடவே இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கற்பனை’ என்று தலைப்பிட்ட தாளில் கையெழுத்துப் போடலாமா என்று எனக்குள் ஒரு நடுக்கம்.

பேச்சு வழக்கில் இதையே ‘டி.பி.ஏ’ என்பார்கள். ‘டூயிங் பிசினஸ் அஸ்’ என்பதன் சுருக்கம், இன்ன பெயரில் தொழில் செய்கிறவர் என்று பொருள். டெக்சாஸ், இல்லினாய் பக்கம் ‘அஸ்யூம்டு நேம்’, வாஷிங்டனில் ‘டிரேட் நேம்’. ஃபுளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் ‘ஃபிக்டிஷியஸ் நேம்’. ஆனால் அங்கே பதிவு மாநில அளவில் நடக்கும், கலிஃபோர்னியாவில் கவுன்ட்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) அளவில். ஃபுளோரிடாத் தோழி சொன்ன முறையை இங்கே செய்து பார்க்காதீர்கள்.

2. உங்களுக்கு இது தேவைதானா என்று பாருங்கள்

சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: கடைப்பெயரில் உங்கள் குடும்பப் பெயர், அதாவது ‘லாஸ்ட் நேம்’, இருக்கிறதா? இருந்தால், வேறு பங்காளிகள் இருப்பதுபோல் தோன்றாத வரை, அது ஃபிக்டிஷியஸ் அல்ல. பதிய வேண்டியதில்லை. இல்லையென்றால் பதிய வேண்டும்.

நமக்குச் சிக்கல் தொடங்குவதே இங்கேதான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? உங்கள் பெயர் மலர்விழி, அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் சண்முகம் ‘சர்நேம்’ இடத்தில் இருக்கும். இப்போது ‘மலர்விழி காஸ்ட்யூம்ஸ்’ என்று கடை வைத்தால் அது ஃபிக்டிஷியஸ். ‘சண்முகம் காஸ்ட்யூம்ஸ்’ என்று வைத்தால் இல்லை. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத அப்பாவின் பெயர் நிஜமாம், ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தைத்தவள் பெயர் கற்பனையாம். எனக்கு இது தாங்கவே இல்லை. ஆனால் விதி அதுதான். ‘மலர்விழி சண்முகம் காஸ்ட்யூம்ஸ்’ என்று முழுப்பெயரும் வைத்தால் பதிவு வேண்டாம், ஆனால் அவ்வளவு நீளப் பெயரை யார் செக்கில் எழுதுவார்கள்?

ஒற்றைப் பெயரோடு வந்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரையே சர்நேமாக ஏற்றிவிட்டு, முதல் பெயருக்கு ‘எஃப்.என்.யூ’ என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே வந்திருந்தால் உங்கள் லாஸ்ட் நேமே மலர்விழிதான். அப்போது ‘மலர்விழி காஸ்ட்யூம்ஸ்’ ஃபிக்டிஷியஸ் ஆகாது. ஒரே கடைப்பெயர், இரண்டு மலர்விழிகள், இரண்டு விதி. உரிமத்தை எடுத்து வைத்துக்கொண்டு எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

‘அண்ட் கம்பெனி’, ‘அண்ட் சன்ஸ்’, ‘பிரதர்ஸ்’, ‘அசோசியேட்ஸ்’ போன்ற சொற்களைச் சேர்த்தால் லாஸ்ட் நேம் இருந்தாலும் பதிய வேண்டும், ஏனென்றால் கூட ஆள் இருப்பதாகத் தோன்றுகிறது. ‘எல்.எல்.சி’ (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்), ‘இன்க்’, ‘கார்ப்’ என்ற ஒட்டுகளை உண்மையிலேயே அப்படி ஒரு நிறுவனம் பதிந்திருந்தால் ஒழியச் சேர்க்கவே கூடாது.

3. விசா விஷயத்தை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்

பெயர் பதிந்துவிட்டால் தொழில் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கவுன்ட்டி அலுவலகத்தில் உங்கள் விசாவை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் வரும் குழப்பம் இது. பெயர்ப் பதிவு வேலை அனுமதி அல்ல. எச்-4 இல், அதாவது எச்-1பி காரரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருப்பவருக்குத் தனியாக வேலை அனுமதி அட்டை வேண்டும். எச்-1பி என்னும் வேலை விசாக்காரர் தன் நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், சனி ஞாயிறு சொந்தத் தொழில் அதில் அடங்காது. சந்தேகம் இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

4. பெயரைத் தேடிப் பாருங்கள்

மூன்று இடங்களில் தேட வேண்டும். மூன்றும் இலவசம்: உங்கள் கவுன்ட்டி கிளார்க்கின் (பெயர்ப் பதிவைக் கவனிக்கும் அலுவலகம்) இணையத்தில் ஃபிக்டிஷியஸ் பெயர்ப் பட்டியல், மாநிலச் செயலரின் ‘பிஸ்ஃபைல்’ தளம், கூட்டாட்சி டிரேட்மார்க் தளம். கிளார்க் அலுவலகம் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது. பதிந்து முத்திரை குத்திக் கொடுத்தாலும் அந்தப் பெயர் உங்களுக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. அந்தக் கவுன்ட்டியில் முதலில் பதிந்து, உண்மையிலேயே அந்தப் பெயரில் தொழிலும் செய்தால், பெயர் உங்களுடையது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். வேறு ஒருவர் ஆதாரத்தோடு வந்தால் அந்த அனுமானம் உடையும்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, ழகரம். ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் இஸட்-ஹெச் போடுபவர்கள் உண்டு, வெறும் எல் போடுபவர்கள் உண்டு. நான் இஸட்-ஹெச் என்று பதிந்தேன். பள்ளிப் பொருளாளர் எல் போட்டு எழுதிய செக்தான் என் கையில் இருந்தது. இப்படி ஒரு பெயர் இருந்தால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஒரே படிவத்தில் இரண்டு பெயர்களாகப் போட்டுவிடுங்கள். கூடுதல் பெயருக்குச் சில டாலர்தான் அதிகம். பிறகு தனியாகச் சேர்க்கப் போனால் படிவம், கட்டணம், விளம்பரம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தேடும்போதும் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

5. எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

நேரில் போகிறவருக்கு அதிகம் தேவையில்லை. படம் உள்ள, காலாவதியாகாத அடையாள அட்டை ஒன்று போதும். ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்லது, இல்லாதவர்கள் பாஸ்போர்ட் கொண்டுபோகலாம். அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் நீங்கள் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தபாலில் அனுப்பினால் அடையாளத்துக்கான உறுதிமொழித் தாளை நோட்டரி முன் கையெழுத்திட்டு இணைக்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் நோட்டரி ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. எல்.எல்.சி அல்லது கார்ப்பரேஷன் பெயரில் பதிந்தால் மாநிலச் செயலரிடம் பதிந்ததற்கான சான்றும் கேட்பார்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இந்தப் படிவத்தில் கிடையாது. யாராவது கேட்டால் நீங்கள் தவறான இணையதளத்தில் இருக்கிறீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக நிரப்பித் தருகிறோம் என்று வரும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கவுன்ட்டியின் பெயர் போட்ட அரசுத் தளத்துக்கு நேராகப் போங்கள்.

6. படிவம்: ஒரு பக்கம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பள்ளம்

தொழில் நடக்கும் முதன்மை இடம் எந்தக் கவுன்ட்டியோ அங்கேதான் பதிய வேண்டும். வீட்டிலிருந்து செய்தால் வீடு இருக்கும் கவுன்ட்டி. வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கவுன்ட்டியில் இருப்பது கணக்கில் வராது. தபால் பெட்டி எண்ணை முகவரியாக ஏற்க மாட்டார்கள், தெரு முகவரி வேண்டும். வீட்டு முகவரியைக் கொடுத்தால் அது பொது ஆவணம் ஆகும், செய்தித்தாளிலும் அச்சாகும். இது பிடிக்காதவர்கள் வாடகைக்கு ஒரு மேசை எடுக்கலாமா என்று இந்தக் கட்டத்திலேயே யோசியுங்கள். உரிமையாளரின் குடியிருப்பு முகவரிக்கும் தனிக் கட்டம் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

‘தொழிலை நடத்துபவர்’ என்ற இடத்தில் தனிநபர், திருமணமான தம்பதி, பங்காளிகள் என்று வரிசையாகக் கட்டங்கள். கணவர் துணிக்கடைக்குக் காரோட்டுவதால் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறீர்கள் என்றால் தம்பதிக் கட்டத்தில் டிக் போட்டு இரண்டு பெயரையும் எழுதுங்கள். எழுதிய பிறகு ஒருவர் விலகுவது இன்னொரு படிவம், இன்னொரு விளம்பரம்.

‘இந்தப் பெயரில் தொழில் தொடங்கிய நாள்’ என்று ஒரு கட்டம். இன்னும் தொடங்கவில்லை என்றால் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். வரப்போகும் தேதியை எழுதாதீர்கள். தொடங்கியாயிற்று என்றால், தொடங்கிய நாளிலிருந்து 40 நாளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பது விதி. நான் அதைத் தாண்டித்தான் போனேன். யாரும் அபராதம் போடவில்லை. ஆனால் தாக்கல் செய்யாமல் இருக்கும் வரை, அந்தப் பெயரில் செய்த ஒப்பந்தத்துக்காக யார்மீதும் நீங்கள் வழக்கை நடத்த முடியாது. வாடிக்கையாளர் பணம் தராமல் ஏமாற்றினால் அப்போது உறைக்கும். இருந்தாலும் தேதியை மாற்றிப் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உண்மைத் தேதியையே எழுதுங்கள்.

ஏனென்றால் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கிறது: இதில் சொன்னது எல்லாம் உண்மை, தெரிந்தே பொய் சொன்னால் 1,000 டாலர் வரை அபராதம் உண்டு. பெயர் மட்டும்தான் ஃபிக்டிஷியஸ். ஆள், முகவரி, தேதி எதுவும் ஃபிக்டிஷியஸாக இருக்கக் கூடாது. அந்த வரியைப் படித்த பிறகுதான் இது நான் நினைத்ததற்கு நேர் எதிரான படிவம் என்று புரிந்தது. புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ஆள் யார் என்று ஊருக்குச் சொல்வதற்காகவே இதை வைத்திருக்கிறார்கள்.

7. கட்டணமும் தாக்கலும்

கட்டணம் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியில் நெடுநாளாக ஒரு பெயருக்கு 26 டாலர், கூடுதல் பெயர் ஒவ்வொன்றுக்கும் 5 டாலர். நான் பதிந்த கவுன்ட்டியில் 40 டாலர், கூடுதல் பெயருக்கு 7. போகும் முன் கிளார்க்கின் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்து நேரில் கொண்டுபோகலாம். நேரில் போனால் அரை மணியில் முத்திரை குத்திய பிரதியோடு திரும்பிவிடலாம். தபாலில் அனுப்பிய தோழிக்கு மூன்று வாரம் ஆனது. அங்கேயே சான்றளித்த பிரதி ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள். சில டாலர்தான், வங்கிக்குத் தேவைப்படும்.

கவுன்ட்டரில் இருப்பவர்கள் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்பது விதி. முகத்தைச் சுளிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள்.

8. செய்தித்தாள் விளம்பரம்: நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம்

முத்திரை விழுந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து இனிப்பு செய்தேன். பாதி வேலைதான் முடிந்திருந்தது.

தாக்கல் செய்த 45 நாளுக்குள் அந்த அறிக்கையை (நிரப்பிக் கொடுத்த படிவத்துக்கு அதுதான் பெயர்) ஒரு செய்தித்தாளில் வெளியிடத் தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம். நான்காவது வெளியீடு முடிந்த 45 நாளுக்குள், வெளியிட்டதற்கான உறுதிமொழிச் சான்று கவுன்ட்டி கிளார்க்கிடம் போய்ச் சேர வேண்டும். மார்ச் 3 அன்று தாக்கல் செய்தீர்கள் என்றால் முதல் விளம்பரத்துக்கு ஏப்ரல் 17 வரை நேரம் இருக்கிறது. மார்ச் 12, 19, 26, ஏப்ரல் 2 என்று நான்கு முறை வந்துவிட்டால், சான்றுக்குக் கடைசி நாள் மே 17. இதைக் காலண்டரில் குறிக்காமல் தூங்காதீர்கள்.

எந்தச் செய்தித்தாள் என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் கவுன்ட்டியில் ‘பொதுச் சுற்று’ (ஜெனரல் சர்க்குலேஷன், பொதுமக்களிடையே பரவலாகப் போவது) உள்ளது என்று நீதிமன்றம் ஏற்ற பத்திரிகையாக இருக்க வேண்டும். மளிகைக் கடை வாசலில் அள்ளி வரும் இலவச இந்திய இதழில் போட்டால், அதற்கு அந்தத் தகுதி இருந்தால் ஒழிய, செல்லாது. முகநூலில் போட்டாலும் செல்லாது. நான் செய்த தவறு இதைவிடச் சின்னது: நல்ல வாரப் பத்திரிகைதான், தகுதி உள்ளதுதான், ஆனால் பக்கத்துக் கவுன்ட்டிக்காரர்களுடையது. மலிவாக 45 டாலர் என்றதும் கொடுத்துவிட்டேன். சான்றைக் கிளார்க் திருப்பி அனுப்பியபோது 45 நாள் தாண்டியிருந்தது. மறுபடி தாக்கல், மறுபடி விளம்பரம்.

ஆகவே தகுதியான பத்திரிகைகளின் பட்டியல் இருக்கிறதா என்று கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள், பல இடங்களில் கையிலேயே தருவார்கள். பட்டியலில் உள்ள மூன்று நான்கு பத்திரிகைகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பி விலை கேளுங்கள். எனக்கு வந்த விலைகள் 70, 95, 140 டாலர். நான்கு முறையும் ஒரே நான்கு சென்டிமீட்டர் பொடி எழுத்து, யாரும் படிக்காத பக்கம். நாளிதழின் பெருமைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: சான்றை நீங்களே கிளார்க்கிடம் தாக்கல் செய்வீர்களா? அதன் பிரதியை எனக்கு அனுப்புவீர்களா? ஆம் என்றால் 10 டாலர் அதிகமானாலும் அவர்களிடமே கொடுங்கள்.

முதல் வாரம் அச்சானதும் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நம் பெயர்களில் அச்சுப்பிழை விழாமல் இருந்தால்தான் அதிசயம். முதல் வாரத்திலேயே சொன்னால் செலவில்லாமல் திருத்திப் போட்டுவிடுவார்கள்.

என் கணக்கு இது: முதல் முறை 40, விளம்பரம் 45. இரண்டாம் முறை இரண்டு பெயருக்கு 47, விளம்பரம் 70. மொத்தம் 202 டாலர். ஒழுங்காகச் செய்திருந்தால் 117-ல் முடிந்திருக்கும்.

9. வங்கிக் கணக்கு

முத்திரை குத்திய அறிக்கை, அடையாள அட்டை, வரி எண். இந்த மூன்றோடு போங்கள். சில கிளைகளில் விளம்பரச் சான்று வரும் வரை காத்திருக்கச் சொல்வார்கள், முதலில் போனில் கேட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் வைக்காத தனிநபர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே பயன்படுத்தலாம். அந்த எண்ணை எல்லோருக்கும் கொடுக்க விருப்பமில்லை என்றால், ஐ.ஆர்.எஸ் (மத்திய வரித்துறை) தளத்தில் தொழிலுக்கான ‘இ.ஐ.என்’ எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம், அன்றே கிடைக்கும். இதற்கும் காசு கேட்கும் தனியார் தளங்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ‘மலர்விழி சண்முகம், டி.பி.ஏ மலர்விழி காஸ்ட்யூம்ஸ்’ என்று எழுதுங்கள். கடைப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான். கடை தனி ஆள் அல்ல. கட்டபொம்மன் அங்கி தடுக்கி ஒரு பிள்ளை மேடையில் விழுந்து வழக்கு வந்தால், அது உங்கள் வீட்டின் மீதும் சேமிப்பின் மீதும் வரும். புனைபெயர் கேடயம் ஆகாது. கேடயம் வேண்டும் என்றால் காப்பீடு அல்லது எல்.எல்.சி பக்கம் போங்கள், அது வேறு செலவு.

நகராட்சியின், அதாவது நீங்கள் இருக்கும் சிட்டியின், தொழில் உரிமம் தனி. வீட்டில் தொழில் செய்ய அனுமதியும் பல ஊர்களில் தனி. பொருள் விற்பவருக்கு மாநிலத்தின் ‘செல்லர்ஸ் பெர்மிட்’ வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பெயர்ப் பதிவு இவற்றில் எதற்கும் மாற்று அல்ல.

10. அதற்குப் பிறகு வரும் கடிதங்கள்

பதிந்த இரண்டாம் வாரத்திலிருந்து தபால் பெட்டி நிறையும். உங்கள் கடைப்பெயரைப் பெரிதாக அச்சிட்டு, கழுகுச் சின்னம் போட்டு, ‘இறுதி அறிவிப்பு’ என்று ஒரு கடிதம் வரும். ஏதோ சுவரொட்டிக்கு 100 டாலர், ஏதோ சான்றிதழுக்கு 90 டாலர். கீழே பொடி எழுத்தில் ‘இது அரசு அலுவலகம் அல்ல’ என்று இருக்கும். எல்லாம் பொதுப் பட்டியலிலிருந்து முகவரி எடுத்து அனுப்புவது. விளம்பரம் போட அழைக்கும் செய்தித்தாள் கடிதங்களும் அதோடு வரும், அவற்றில் சில உண்மையானவை, விலை ஒப்பிடப் பயன்படும். மற்றதைக் கிழித்துப் போடுங்கள். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல் கிளார்க்கின் எண்ணை அழையுங்கள்.

11. ஐந்து வருடம், வீடு மாற்றம், மூடுவிழா

பதிவு, தாக்கல் செய்த நாளிலிருந்து 5 வருடம் செல்லும். நினைவூட்டல் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். என்னுடைய தேதியை மீசைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்த விவரமும் மாறாமல், காலாவதியான 40 நாளுக்குள் மறுபடி தாக்கல் செய்தால் விளம்பரம் வேண்டாம், கட்டணம் மட்டும்தான்.

நடுவில் படிவத்தில் சொன்ன விவரம் ஏதாவது மாறினால், மாறிய 40 நாளில் பதிவு தானாகக் காலாவதியாகும். உரிமையாளரின் குடியிருப்பு முகவரி மாறுவது மட்டும் இதற்கு விலக்கு. அதைக் கேட்டு நிம்மதியடையாதீர்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவருக்குக் குடியிருப்பும் தொழிலிடமும் ஒன்றே. வாடகை ஏறியது என்று பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் தொழில் முகவரி மாறிவிட்டது, புதிய படிவமும் புதிய விளம்பரமும் வேண்டும். லீஸ் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது, வீடு மாற்றுவது உறுதி என்றால், முடிந்தால் மாறிய பிறகே பதியுங்கள்.

தொழிலை நிறுத்தினால் ‘கைவிடுதல் அறிக்கை’ என்று ஒரு படிவம் இருக்கிறது. அதையும் அதே கவுன்ட்டியில் தாக்கல் செய்து, அதே முறையில் நான்கு வாரம் செய்தித்தாளில் போட்டு, சான்றைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்யாமல் ஐந்து வருடத்தை ஓடவிட்டுவிடுகிறார்கள். பங்காளியோடு சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் மட்டும் அப்படி விடாதீர்கள். உங்கள் பெயர் அந்தப் பதிவில் இருக்கும் வரை, அவர் அந்தக் கடைப்பெயரில் வாங்கும் கடனுக்கு உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.